நலம் என்று தொடங்கிய கடிதங்கள்

கணவர் நெஞ்சில் வைத்திருக்கும் இதயக் கருவியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கத்தான் செண்பகவல்லி மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் சான்றளிப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

"மூணு தடவ மயங்கி விழுந்துட்டாங்க சார். கடைசித் தடவ மூச்சே இல்ல."

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார். சோதனைக் கருவி வைத்தவர்களின் வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம் வர வேண்டும்; அதை வைத்துத்தான் கருவிக்கு அனுமதி. அவள் எழுதிய முப்பத்தாறு கடிதங்களும் திரையில் வரிசையாக நின்றன.

"எல்லாத்துலயும் 'இங்கு அனைவரும் நலம்'னு ஆரம்பிச்சிருக்கீங்களேம்மா."

"கடுதாசின்னா அப்படித்தான சார் ஆரம்பிக்கணும்? பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது. மயக்கம் வந்தத கீழ தேதி போட்டு எழுதியிருக்கேனே."

"கடுதாசியெல்லாம் படிக்கிறது மெஷின்தான்; முதல் வரியில நலம்னு இருந்தா அது கீழ படிக்காதும்மா. போன வாரம் நிரந்தர அனுமதி குடுத்தாச்சு. இனி நாடு முழுக்க இந்த ஒரு கருவிதான். மாத்த வேற இல்ல."

மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வாசல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மனுவில் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்கதானா? உங்க கடுதாசியெல்லாம் நலம்னு வந்துதான் அனுமதி கிடைச்சுதுன்னு ஆஸ்பத்திரியில உங்க பேரச் சொல்லிச் சொன்னாங்க. நாளைக்கு எம் மகளுக்கும் அதத்தான் வைக்கிறாங்க. அண்ணன் நல்லா இருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்று வாய் வரை வந்துவிட்டது. செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இல்லம்மா. எந்நேரமும் விழுந்துருவாங்களோன்னு பயந்துகிட்டே கெடக்கோம். வைக்காத."

அந்தப் பெண் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"வைக்கலேன்னா அவ ஒரு மாசம்தான் உசுரோட இருப்பாள்னு சொல்றாங்க அக்கா."