பெயர் பிறகு

"அந்த ரஸ்டியை மட்டும் வாங்கிடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான் வெர்னன்.

ஹார்லன்வில் கார்ன் கிங்ஸ் பேஸ்பால் அணியின் முதலாளியம்மா ஹேசல் தலை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இன்னும் யாரையும் வாங்கலையே. வாசல்ல நின்னு ஒட்டுக் கேட்டியா?"

"சுவரு மெலிசு மேடம். நானா கேக்கல, அதுவா வந்து விழுந்துச்சு."

கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வது வெர்னனின் பிறவிக்குணம். பதினெட்டு வருஷமாக அணியோடு இருப்பவன். அவன் மைதானத்தில் இறங்கினால்தான் ஜனங்களுக்கு ஆட்டம் தொடங்கிய மாதிரி. முதல் கைதட்டல் அவனுக்குத்தான். அது கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது. அன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போய் அணிக்கு ஆதரவு திரட்டிவிட்டு, உடைகூட மாற்றாமல் வியர்க்க விறுவிறுக்க நேராக இங்கே வந்திருந்தான். ஹேசல் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

தலை போகிற விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை டன்மோர் ஊர் அணியோடு கடைசி ஆட்டம். தோற்ற ஊர், ஜெயித்த ஊரின் கொடியைத் தன் தீயணைப்பு நிலையத்தின் மேல் ஒரு வருஷம் பறக்கவிட வேண்டும். அப்படி ஒரு பழைய பந்தயம். மூன்று வருஷமாக ஹார்லன்வில்லில் பறப்பது டன்மோரின் உருளைக்கிழங்குக் கொடி. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெர்னனுக்கு வயிறு எரியும்.

இந்த நேரம் பார்த்து, அணியின் முதல் பிட்சர் டுவேன், மாமியாருக்கு ஊறுகாய்ப் புட்டியைத் திறந்து கொடுக்கப் போய்த் தோள்பட்டையை நழுவவிட்டுக்கொண்டான். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து எறிய ஆளில்லை. நம் ஆள் ஒருவனைக் கொடுத்து, வேறு அணியிலிருந்து ஒருவனை வாங்கித்தான் ஆக வேண்டும்.

"ரஸ்டி நல்ல வேகம்னு சொல்றாங்களே?" என்றாள் ஹேசல்.

"வேகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்ல. பந்து எங்க போகும்னுதான் அவனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. போன வாரம் மூணாவது வரிசையில ஹாட்டாக் தின்னுக்கிட்டிருந்த பாதிரியார் மேல போட்டான். அவரு கோயில்ல சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாரு."

"சரி, லாயிட்?"

"நாப்பத்தி மூணு வயசு! அவரு எறிஞ்ச பந்து வந்து சேர்றதுக்குள்ள, மட்டை பிடிக்கிறவன் வீட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு வந்துடுவான்."

"அப்போ மிச்சம் ஒருத்தன்தான். கிளீட்டஸ்."

வெர்னன் துள்ளி எழுந்தான். மேசையிலிருந்த காப்பிக் கோப்பை அவன் இடுப்பு இடித்துக் கவிழ்ந்தது. "டன்மோர் கிளீட்டஸா? அந்தக் கிழங்குப் பயலுக அவனைத் தர்றாங்களா?"

"அவங்ககிட்ட ரெண்டு நல்ல பிட்சர் இருக்காங்களாம். காலையில அவங்க முதலாளி கிரேடியே கூப்பிட்டாரு. பதிலுக்கு யாருன்னு மட்டும் அப்புறம் சொல்றாராம்."

பேஸ்பாலில் இது நடைமுறைதான். இன்றைக்கு ஆளை வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குப் போகிறவனின் பெயரைப் பிறகு சொல்வார்கள்.

"உடனே சரின்னு சொல்லுங்க மேடம்! நம்மகிட்ட கழிச்சுக் கட்ட வேண்டியவன் நாலு பேர் இருக்கான்."

"அவசரப்படாதே. கார்ன் கிங்ஸ் உடை போட்டு மைதானத்துல இறங்குற யாரா இருந்தாலும் தரணும்னு எழுதித் தரச் சொல்றாரு. நமக்கு வேண்டியவனையே கேட்டுட்டா?"

"கேட்டா கேக்கட்டும். அணியை விடப் பெரிய ஆள் எவனும் இல்ல. ஆட்டத்துல பாசம் பார்த்தா கிழங்குக் கொடிதான் பறக்கும்." வெர்னன் குரலைத் தாழ்த்தினான். "கூட ஒரு வரி சேருங்க. பேரு வந்த பிறகு எவனும் முனகக் கூடாது. பொண்டாட்டியைக் கேக்கணும், பூனைக்கு உடம்பு சரியில்லன்னு இழுக்கக் கூடாது. பெட்டியைக் கட்டினமா, கிளம்பினமான்னு இருக்கணும்."

"எழுதிடவா? நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"கொட்டை எழுத்துல எழுதுங்க."

ஹேசல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு கிரேடியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வரிக்கு வரி படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் கிரேடி ஏதோ சொல்ல, அவள் முகம் மாறியது. "அப்படியா... சரி... வாக்கு வாக்குதான்" என்று மெதுவாக வைத்தாள்.

"பேரை இப்பவே சொல்லிட்டாரு."

"யாரு? அந்தச் சோம்பேறி மார்வின்தானே? சனியன் விட்டுது!"

"மூணு வருஷமா ஜெயிக்கிறாங்களாம். ஆனா ஆட்டம் பார்க்கக் கூட்டமே வர்றதில்லையாம். ரொம்ப நாளா உன் மேலதான் கண்ணாம், வெர்னன்."

வெர்னனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நானா? நான் பந்தைக் கையால தொட்டதே இல்லையே மேடம்! மட்டைகூடப் பிடிச்சதில்ல!"

"உடை போட்டு மைதானத்துல இறங்குறியா, இல்லையா?"

அவன் வாய் திறந்தான். பொண்டாட்டி ஞாபகம் வந்தது. பூனை ஞாபகமும் வந்தது. கொட்டை எழுத்தில் இருந்த அந்த வரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

பிறகு, நாற்காலிமேல் கழற்றி வைத்திருந்த கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் தன் சோளக்கதிர் வேஷத்தின் பெரிய பஞ்சுத் தலையை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணீர் தெரியாதபடி மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து கேட்டான்: "உருளைக்கிழங்கு வேஷத்துல கையை வெளிய விட ஓட்டை வச்சிருப்பாங்களா மேடம்?"