செம்பி திரும்பாத ஆட்டம்

காகம் ஒரு வீடியோ கேம் செய்தது. வியூகம் வகுத்துக் கோட்டையைப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் குடும்பமும் கதையும் உண்டு. செம்பி என்ற கிடா வீரனுக்கு மகளின் காதுகுத்துக்கு ஊர் திரும்பும் அவசரம்.

ஆடிப் பார்க்க ஆமை வந்தது. முதல் தடவையே கோட்டை விழுந்தது, செம்பியும் செத்தான். ஆமை மறுபடி ஆடியது. பாலத்தை விட்டுவிட்டுப் படையை ஆற்றைச் சுற்றி அனுப்பியது. செம்பியைக் கடைசி வரிசையில் நிறுத்தியது. பதினேழு தடவை ஆடியும் செம்பி செத்தான்.

"நான்தான் தப்பா ஆடுறேன் போல, அண்ணே," என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "செம்பியோட பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

எப்படி ஆடினாலும் செம்பி சாகும்படிதான் காகம் எழுதியிருந்தது, ஆடுகிறவர்கள் அழ வேண்டும் என்று.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தது. "இன்னொரு தடவை ஆடிப் பாருப்பா" என்றுதான் வந்தது.

ஆமையின் தலை ஆசையோடு வெளியே வந்தது. காகம் தன் தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.