ஒன்பதாவது ஊரில் ஓர் ஆணி

பயிற்சி முடிந்து வந்த ரோமெல் வாசலிலேயே நின்றுவிட்டான். தங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பீங்கான் தட்டுகளை மனைவி லிகாயா பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கூடைப்பந்து ஆடிப் பிழைக்கிற அவனோடு பத்து வருஷத்தில் ஒன்பது டீம், ஒன்பது ஊர் பார்த்துவிட்டாள். எந்த ஊரிலும் அந்தப் பெட்டியை மட்டும் பிரித்ததில்லை.

“என்ன லிகாயா, லாட்டரி ஏதும் அடிச்சுதா? மூணு மாசக் காண்ட்ராக்ட்டுக்குப் பீங்கான் தட்டா?”

“வாயை மூடிக்கிட்டு அந்த ஆணியை அடி. கல்யாணப் போட்டோ மாட்டணும்.”

“ஆணியா! சுவத்துல ஓட்டை போட்டா காலி பண்றப்ப வம்புன்னு நீதானே சொல்லுவ?”

“காலி பண்ணாத்தானே!”

ரோமெலுக்கு முகம் மலர்ந்தது. “மேனேஜர் போன் பண்ணாரா?”

“மத்தியானமே பண்ணாரு.”

அப்படியானால் இந்த ஊர் இலோயிலோ டீம் அவனை விடப்போவதில்லை! நாலே அடியில் ஆணியை இறக்கினான்.

“எத்தனை வருஷத்துக்காம்?”

“ஒரு வருஷம். சம்போவாங்கா டீமுக்கு உன்னை மாத்திட்டாங்க. வியாழக்கிழமை கப்பல்.”

சுத்தியல் கையிலேயே நின்றது. “அப்புறம் எதுக்கு இந்த ஆணி?”

“எனக்கும் பொண்ணுக்கும். இங்க எனக்கு டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. தாலாவுக்கு ஏழு வயசுதான், அதுக்குள்ள நாலு ஸ்கூல் மாறிட்டா. நாங்க வரல, ரோமெல்.”

“அப்ப நான்?”

லிகாயா போட்டோவைத் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

“சீசன் முடிஞ்சதும் நேரா இங்க வா. தட்டு எத்தனை எடுத்து வெச்சிருக்கேன்னு பாரு.”

அவன் எண்ணினான். மூன்று இருந்தன.