அருவிக்குப் போகும் வெள்ளிக்கிழமை

“பர்மாப் பேச்செல்லாம் வாசலோட சரி. இந்த வீட்டுக்குள்ள இனிமே தமிழ்தான்.”

சண்முகசுந்தரி இப்படிச் சட்டம் போட்டது, பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில். தம்பி மகள் மங்களம் வகுப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள், பர்மிய பாஷையில். பிள்ளைகள் ‘பர்மாக்காரி, பர்மாக்காரி’ என்று விரட்ட, அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

தம்பி சிவசைலம் சரி என்றான். மறுக்கிற நிலைமையில் அவன் இல்லை. ரங்கூனில் கடையும் வீடுமாக வாழ்ந்தவன், போன வருஷம் கப்பலை விட்டு இறங்கும்போது அவனிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி, பர்மாக்கார மனைவி, ஆறு வயது மகள். அவ்வளவுதான். தென்காசியில் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்த விதவை அக்கா ஒருத்திதான். மனைவியின் ‘மா டின்’ என்ற பெயர் போய் ‘முத்துவடிவு’ என்று ஆனதும் அக்காவின் உபயம்தான்.

ரங்கூனில் முத்துவடிவுக்கு வாய் ஓயாது. மீன்காரி சொன்னது, பக்கத்து வீட்டில் நடந்தது என்று ஆரம்பித்தால், அவன் தூங்கிப்போன பிறகும் பேசிக்கொண்டிருப்பாள். இங்கே அவளிடம் மொத்தம் நாலு வார்த்தைதான் மிச்சம். “சாப்பிடுங்க.” “சரி மைனி.” “வேண்டாம்.” “வாறேன்.”

அந்தப் பழைய குரலுக்கு அவன் ஏங்கிப்போனான். ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்று, தனியாக இருக்கும்போதுகூட அவளிடம் தமிழில்தான் பேசினான்.

சட்டம் போதாதென்று வைத்தியமும் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், முத்துவடிவைப் பஸ் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள் அக்கா.

“குத்தாலத்துத் தண்ணி தலையில விழுந்தா பைத்தியமே தெளியும்ங்காங்க. இவ நாக்கு தெளியாதா?”

தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். தெருவுக்கு அது நல்ல வேடிக்கை. சிவசைலத்துக்கு ஆத்திரம் வரும். வந்து என்ன செய்ய, அண்டியிருக்கிற வீடு.

திரும்பி வரும்போது முத்துவடிவின் கண் சிவந்திருக்கும்.

“அழுதியா?” என்பான்.

“தண்ணி,” என்பாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை. பாவூர்சத்திரம் மண்டி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவர்கள் பின்னாலேயே போனான். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, அக்காவைக் கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டான்.

நல்ல சீசன். அருவி போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பெண்கள் பக்கத்தில், கூட்டத்தை விட்டு விலகி ஓரமாக நின்றிருந்தாள் முத்துவடிவு. முகத்தை மேலே தூக்கி, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். யாரையோ கோபித்துக்கொண்டாள். அழுதாள்.

ரங்கூனில் பார்த்த அதே முகம். ஒரு சொல்கூட அவன் காதுக்கு எட்டவில்லை.

கொஞ்சம் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா காவல் நின்றாள். அந்த ஓரத்துக்கு வந்த இரண்டு பெண்களைக் கையைக் காட்டி வேறு பக்கம் அனுப்பினாள். தம்பியைக் கண்டதும் படியேறி, இரைச்சல் குறைந்த இடத்துக்கு வந்தாள்.

“நீ ஏம்லே வந்தே?”

“அவ யார்கிட்டக்கா பேசுதா?”

“அவ அம்மைகிட்ட. ரங்கூன்ல விட்டுட்டு வந்தாள்லா. அங்கன நின்னு கத்துனா ஒருத்தர் காதுலயும் விழாது. பேசிட்டு வரட்டும்.”

“இதுக்கா கூட்டிட்டு வாறே?”

“என்னையக் கட்டிக்குடுத்தது புனலூருக்கும் அங்கிட்டு. மூணு தலைமுறையா அங்க இருந்து தமிழையே மறந்துபோன வீடு. நான் தமிழ்ல வாயத் தொறந்தா ‘பாண்டிக்காரி’ன்னு மாமியார்ல இருந்து வேலைக்காரி வரைக்கும் சிரிப்பாங்க. மலையாளம் பேசிப் பழகிக்கிட்டேன். ஆனா ஆத்துக்குத் துணி துவைக்கப் போனா, பாறையில தண்ணி விழுத இடமாப் பாத்து நிப்பேன். செத்துப்போன நம்ம அம்மைகிட்ட தமிழ்ல ஒரு பாட்டம் பேசிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். இல்லேன்னா அப்பவே எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்.”

 வழி நெடுக அடுக்கி வைத்ததில் ஒன்றுகூடச் சிவசைலத்துக்கு நினைவுக்கு வரவில்லை.

“இவ்வளவும் தெரிஞ்சுமா வீட்டுல அப்படிச் சட்டம் போட்டே?”

“பிள்ளை இந்த ஊர்ல வளரணும்லா. வீட்டுல தமிழ் கேக்காட்டா அதுக்கு எங்கேருந்து வரும்? அதுல நான் மாற மாட்டேன்.”

முத்துவடிவு நின்ற பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

“தென்காசி முழுக்கச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் அவ பேச்சு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். எனக்குத் தெரியாம, கொல்லைப்பக்கம் நின்னாவது அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவியான்னு நானும் ஒரு வாரம் பாத்தேன். நீ பேசியிருந்தா, இவளை நான் எதுக்குலே அருவிக்குக் கூட்டிட்டு வாறேன்?”