மணமகள் அறையில் நேர்காணல்

நாற்காலியை விட்டு அவன் எழுந்திருக்கவில்லை.

"அதான் செலக்ட்டுன்னு சொல்லிட்டேன்லா தம்பி. போ, அடுத்த ஆள வரச் சொல்லு."

ஏஜென்ட் கதவைக் காட்டினார்.

அது திருமண மண்டபத்தின் மணமகள் அறை. இன்று வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சுவர்க் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள்.

அவன் வெல்டர். மடியில் பை. பைக்குள் கையுறை, முகமூடி. வெல்டர் வேலைக்கு எங்கே கூப்பிட்டாலும் இரண்டு இரும்புத் துண்டைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்வார்கள். ஒட்டிய இடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே இரும்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீச்சல் தெரியுமா என்றார். படகில் போனால் வாந்தி வருமா. மாதக்கணக்கில் போன் இல்லாமல் இருப்பாயா.

எல்லாவற்றுக்கும் அவன் துள்ளிக்கொண்டு பதில் சொல்லியிருந்தான்.

இப்போதுதான் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

டிரைவர் வேலை என்று விமானம் ஏறிய பெரியப்பா மகனை மீன்பிடிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வருடம் கரையைப் பார்க்கவில்லை. ஊர் திரும்பியபோது வலது கையில் இரண்டு விரல் இல்லை.

"என்ன வேலைன்னு எழுதுன ஒப்பந்தத்தக் காட்டுங்க சார்."

"அங்க போய் எறங்குனதும் கையில குடுப்பாங்க."

"அப்போ எம் பாஸ்போர்ட்டக் குடுங்க."

மேசையில் பாஸ்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. மண்டப வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். அவனும்தான்.

ஏஜென்ட் சிரித்தார்.

"ஊருலயே கெட. ஜன்னல் கிரில்லுக்குப் பத்த வச்சே கெழவனாயிரு."

"ஆயிட்டுப் போறேன்."

ஏஜென்ட் அடுக்கின் மேல் உள்ளங்கையை அழுத்தினார்.

அவன் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினான். மேசையின் மறுபக்கம் வைத்தான். ஆறிய இரும்பை நகர்த்துவது போல.

ஒவ்வொன்றாகத் திறந்தான்.

அறியாத முகங்கள். எல்லோரும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்கள்.

தன் முகம் கிடைத்ததும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தான்.

தேர்வானவர்களை மணமேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மண்டப வாசல் பக்கத்தில்தான் இருந்தது.

திறந்தே கிடந்தது.

அவன் மேடைப் படியில் ஏறினான். காலையில் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற எலக்ட்ரீஷியன் சொரிமுத்து நகர்ந்து இடம் விட்டார். அவன் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, வயரிங் பத்தி உங்ககிட்ட என்ன கேட்டாவ?"

சொரிமுத்து வாயைத் திறந்தார். யோசித்தார்.

"நீச்சல் தெரியுமான்னு கேட்டான்டே."

போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

மணமகள் அறைக் கதவு இப்போது சாத்தியிருந்தது.

சொரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேடை காலியானது.

கதவை யாரும் தட்டவில்லை.

தள்ளினார்கள்.