மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

வங்காளத்தில், துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் பிரவுசிங் சென்டர் நடத்திய சுலோசனா செய்த தவறுகளை வரிசைப்படி சொல்கிறேன்.

முதலாவது, 2001இல். எங்கள் இணையக் கருத்துரிமைக் குழுவின் போஸ்டரைக் கடைச் சுவரில் ஒட்ட விடவில்லை.

"வெள்ளையடிச்சு ஒரு வாரந்தான் ஆகுது சார்" என்றார்.

இரண்டாவது, 2002இல். இணையத்தில் எழுதியதற்காக யாரையும் கைது செய்யக் கூடாது என்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினோம். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர்கூடப் போட்டார். இவர் போடவில்லை.

"ஆளுங்க காத்திட்டு இருக்காங்க சார். அப்புறம் பாக்கலாம்."

மூன்றாவது, 2003இல். இதுதான் மன்னிக்க முடியாதது. ரெஜிஸ்டர் வைத்தார்.

வைக்கச் சொன்னது போலீஸ்தான். மற்ற கடைக்காரர்கள் பேருக்கு ஒரு நோட்டை வைத்து, அதில் பால் கணக்கு எழுதினார்கள். இவர் கோடு போட்டு, பத்தி பிரித்து, யார், எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று தானே எழுதினார். பெயர் சொல்லாதவர் நாற்காலியைத் தொட முடியாது.

நான் சும்மா விடவில்லை. தமிழிலும் வங்காளத்திலும் நோட்டீஸ் அடித்தேன். 'இந்தக் கடையில் உட்கார்ந்த ஒருவர் பெயரும் தப்பாது! உளவாளியைப் புறக்கணிப்போம்!'

ஆனால் அந்த வட்டாரத்தில் ஸ்கேனர் இருந்த ஒரே கடை அதுதான். புறக்கணித்த நாங்களே அடுத்த வருஷம் போய் நிற்க வேண்டி வந்தது.

காரணம் மணிவேல். துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் குமாஸ்தா. அவர் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். சரக்கு இறக்கும்போது கப்பலுக்குள் விழுந்து பதினோரு கூலிகள் செத்திருந்தார்கள். அப்படி யாரும் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்றது கம்பெனி.

மணிவேல் அந்தப் பதினோரு பேருக்கும் கம்பெனி கொடுத்திருந்த துறைமுக கேட் பாஸ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார். தன் பெயரைப் போடவில்லை. மூன்று சனிக்கிழமை, ஸ்கேனர் இணைத்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு முறையும் சுலோசனா பெயரைக் கேட்டார். மணிவேல் சொன்னார். பேனா ஓடியது.

நான்காவது சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையில் இருந்தது என் நோட்டீஸ். அந்த ஊர் வழக்கப்படி சுலோசனாவை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்.

"தீதி, கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கடையில்தான் ஏற்றியிருக்கிறார்கள், ஸ்கேனர் உள்ள கம்ப்யூட்டரில். ஆள் யார் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தோம். மற்ற கடை நோட்டுகளில் பால் கணக்குதான் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் ஒழுங்கான ரெஜிஸ்டர் இருப்பது தெரிந்தது."

மேஜை அருகே நின்றிருந்த நான் ஓரடி பின்வாங்கினேன்.

"பெயரை மட்டும் காட்டுங்கள். இன்றைக்கே கைது. உங்களுக்கோ கடைக்கோ ஒன்றும் வராது."

ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்த மணிவேல் மெதுவாக எழுந்தார்.

"மேடம், நான்..."

"உக்காருங்க தம்பி. உங்க டைம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"இல்ல மேடம், வந்து..."

"உக்காருங்கன்னு சொன்னேன்ல? பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

மணிவேல் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் என்னையும், வாசலில் எட்டிப் பார்த்த வெற்றிலைக் கடைக்காரரையும் கைகாட்டினார். "ரெஜிஸ்டரைப் பறிமுதல் செய்யச் சாட்சி வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் நில்லுங்கள்."

"சார் நிக்கட்டும்" என்றார் சுலோசனா. "இந்த ரெஜிஸ்டருக்கு ஓசியில விளம்பரம் போட்டவரே அவருதான்."

ஏழு முறை ஜெயிலுக்குப் போனவன் நான். மணிவேலுக்குப் பதிலாக என்னைப் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மனத்துக்குள் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

சுலோசனா ரெஜிஸ்டரை எடுத்து, தூசி தட்டி, மேஜைமேல் விரித்து வைத்தார்.

இன்ஸ்பெக்டர் முதல் சனிக்கிழமையைத் தேடிப் பிடித்தார். சாட்சிகளுக்குக் கேட்க வேண்டும் என்பதால் உரக்கப் படித்தார்.

"முதல் நம்பர், நரேன் தத்தா, நான்கிலிருந்து ஐந்து. இரண்டாம் நம்பர், சாதனா கோஷ், நான்கரையிலிருந்து ஐந்தரை. மூன்றாம் நம்பர்..."

நின்றுவிட்டார்.

அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி இரண்டாவது சனிக்கிழமையைப் பார்த்தார். பிறகு மூன்றாவது. விரலால் வரியைத் தேய்த்தார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேல் வரியும் கீழ் வரியும் நெருக்கமாக இருந்தன. பிறகு நுழைத்து எழுத இடமே இல்லை.

"தீதி, இது உண்மையா?"

"என் ரெஜிஸ்டர்ல ஒரு பேரும் தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். உங்க கையில இருக்கிற நோட்டீஸைப் பாருங்க. அதுலயே அச்சடிச்சிருக்கு."

"யோசித்துச் சொல்லுங்கள். நான் படித்துவிட்டால் அது கோர்ட்டுக்குப் போய்விடும். கடையை மூடிவிடுவார்கள்."

சுலோசனா ஸ்கேனரின் சுவிட்சை அணைத்தார். ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதான் சாட்சிங்க நிக்கிறாங்களே. படிங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துப் படித்தார்.

"மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். மூன்று சனிக்கிழமையும். சுலோசனா விஸ்வநாதன்."