கவிதையில் ஏறிய சதுப்பு நிலம்

நூலாவின் கவிதையைக் காட்டித்தான் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சதுப்பு நிலத்தைத் தோண்ட அனுமதி வாங்கினார்கள். இலக்கியத்தில் ஏறிவிட்ட நிலம் காப்பாற்றப்பட்ட நிலமாம்; அதனால் அசலைத் தோண்டிக்கொள்ளலாமாம். அயர்லாந்தில் இப்போது சட்டமே அப்படித்தான்.

நன்றி சொல்லப் பூங்கொத்தோடு வேறு வந்து நின்றார் தோண்டப்போகும் கம்பெனியின் அதிகாரி. "உங்க கவிதையில ஒரு குருவிகூட விட்டுப்போகலைங்க மேடம். பார்த்ததுமே அரசாங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அழியக் கூடாதுன்னுதான்யா எழுதினேன்."

"அதான் அழியாம புத்தகத்துல இருக்கே" என்றார், நிஜமாகவே புரியாமல்.

பூங்கொத்தை வாசலில் வீசிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னலோரம் நின்ற கணவன் கோர்மாக் அவளைத் தேற்ற நினைத்து, வெளியே தெரிந்த ஏரியைக் காட்டி, "அங்கே பாரேன், வெயில் பட்டு அப்படியே..." என்று ஆரம்பித்தான்.

பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினாள்.

"ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. அந்த ஆள் இன்னும் வாசல்லதான் நிக்கிறான்."